தாழ்சர்க்கரையும் வைத்தியர் பொறுப்பும்

நீரிழிவு நோயாளியின் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு நோயே காரணம். அது அபாயகரமாக இறங்குவதற்கோ, பெரும்பாலும், நாம் கையொப்பமிட்டுத் தந்த மருந்துச் சீட்டே காரணம். இதை அறியாத வைத்தியர் நம்மில் எவருமிலர். ஆயினும் நோயாளி எதிரே வந்து அமர்ந்ததும், பரிசோதனைத் தாளில் ஏறிய எண்ணைத் தேடும் நம் கண்களுக்கு இருக்கிற ஆவல், சர்க்கரை எப்போதேனும் இறங்கியதுண்டா என்று விசாரிக்க வேண்டிய நம் நாவுக்கு இருப்பதில்லை.

விடியற்காலையில் பேச்சுக் குழறி, உற்றாரையும் அடையாளம் காணாத நிலையில் கொண்டுவரப்படும் முதியவருக்கு வந்தது பக்கவாதமென்றோ மூப்பின் தடுமாற்றமென்றோ வீட்டார் கருதியிருக்க, விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு இரத்தம் 38 என்று காட்டுவது நமக்குப் புதிய காட்சியன்று. பல்லாண்டுகளாக உண்டுவரும் கிளிபென்கிளமைடு மாத்திரை, மெல்ல நலிந்துவரும் சிறுநீரகம், காய்ச்சலால் இரு வேளை உணவு கொள்ளாத வயிறு ஆகிய மூன்றும் ஓரிரவில் கூடினால் இவ்விபரீதம் நேர்கிறது. குளுக்கோஸ் ஏறியதும் பிரக்ஞை திரும்பிவிட்டது என்பதற்காக அவரை அப்போதே வீட்டுக்கு அனுப்புவது பெரும் பிழை. மருந்து சரீரத்தில் தங்கியிருக்கும் வரை சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடுமாதலால், ஒரு நாளேனும் வைத்துக் கண்காணித்தல் அவசியம். 60 வயதைக் கடந்தோருக்கு இம்மாத்திரை உகந்ததன்று என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது.

முதல் வகை நீரிழிவில் தீவிர சிகிச்சை கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் காக்கும் என்று 1993-இல் நிலைநாட்டிய வட அமெரிக்க ஆய்வே, பிறர் உதவியின்றி மீளவியலாத தாழ்சர்க்கரை அச்சிகிச்சையால் ஏறத்தாழ மும்மடங்காகும் என்றும் எச்சரித்தது. 10,251 பேரைக் கொண்ட அக்கார்டு ஆய்வில், இரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியை 6 சதவீதத்திற்குக் கீழே கொணர முயன்ற பிரிவில் 257 பேரும், மற்றதில் 203 பேரும் மாண்டமையால், 2008-இல் அம்முயற்சி இடையிலேயே கைவிடப்பட்டது. அம்மரணங்களுக்குத் தாழ்சர்க்கரையே காரணமென்று நிறுவப்படவில்லை. எனினும் எல்லோருக்கும் ஒரே இலக்கு என்ற கொள்கை அன்றோடு ஆட்டங்கண்டது.

அடிக்கடி சர்க்கரை இறங்கப்பெற்றவருக்கு நடுக்கம், படபடப்பு, வியர்வை ஆகிய முன்னறிகுறிகளே மழுங்கிப்போகின்றன; சில வாரங்கள் தாழ்சர்க்கரை நேராமல் காத்தால், அவ்வுணர்வு பெரும்பாலும் மீளும். ஆகவே இத்தகையோருக்கு இலக்கைச் சற்றுத் தளர்த்துவதும் சிகிச்சையே. அதனைத் தோல்வியென்று எவரும் எண்ணலாகாது.

ஒவ்வொரு வருகையிலும், 70-க்குக் கீழே இறங்கியதுண்டா என்று கேட்போம். 54-க்குக் கீழே இறங்கியிருந்தால் அன்றே மருந்தைத் திருத்துவோம். இன்சுலின் புட்டியையும் ஊசியையும் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்போம். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் ஊசியால் அளந்து ஏற்றுபவர் இரண்டரை மடங்கு மருந்தை ஏற்றிக்கொள்கிறார். வினாவை நோயாளியிடம் மட்டுமன்றி, உடன் வந்த மனைவியிடமோ மகனிடமோ கேட்பது அதனினும் முக்கியம். ஏனெனில் தன்னை மறந்து கிடந்த இரவைப் பற்றி, கண்விழித்து அருகிருந்தவர்களே சாட்சி சொல்ல இயலும்.