சாவியைத் தொலைத்தவர் திருடன் இல்லைங்க

1/ போன வாரம் ஓபியில் ஒரு அண்ணா. வயது 46, ஈரோட்டில் வாடகைக் கார் ஓட்டுகிறார். மூணு வருஷமா பிரஷர் கட்டுக்குள்ள இருந்தவருக்கு அன்னைக்கு 190/110.

"ஏனுங்ணா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"நிறுத்திப்போட்டனுங்க டாக்டர். கார் சாவி தொலைஞ்சு போச்சுங்க."

சாவிக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் முதல்ல புரியல. கேட்டதும் கோபம் வந்துச்சு. அதனாலதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ ஆடி அமாவாசைக்கு பவானி கூடுதுறைக்கு சவாரி போயிருக்கார். அப்படியே அவரும் ஒரு முழுக்கு போட்டிருக்கார். கரையேறிப் பார்த்தா சாவி இல்லை. அந்தக் கூட்டத்துல எங்கே தேடறது? வண்டி செகண்ட் ஹேண்ட். வாங்கும்போதே ஒரே சாவிதான்.

ஷோரூமில் சொன்ன பதில்: "எல்லா சாவியும் தொலைஞ்சா லாக் செட், கன்ட்ரோல் யூனிட் ரெண்டும் மாத்தணும். 38 ஆயிரம். பார்ட்ஸ் வர 12 நாள்."

ஒன்பது நாள் வண்டி ஓடல. ஆனா இஎம்ஐ நிக்குமா? அந்த மாதிரி வீட்டுல முதல்ல வெட்டு விழறது மாத்திரைக்குத்தான். வலி இல்லாத நோய் ஆச்சே!

3/ ஒரு சாவிக்கு ஏன் இந்தப் பாடு? இன்னைக்கு கார் சாவி என்பது மூணு பொருள். பூட்டைத் திருப்பும் இரும்பு. கதவைத் திறக்கும் ரிமோட். மூணாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன சிப்.

இந்த சிப்புக்கு பேட்டரி வேண்டாம். சாவி போடும் துளையைச் சுத்தி ஒரு கம்பிச்சுருள் இருக்கு. அதிலிருந்து வரும் காந்தப்புலமே சிப்புக்கு கரண்ட் குடுக்கும். கார் ஒரு கேள்வி கேட்கும், சிப் சரியான பதில் சொல்லணும். பதில் தப்புன்னா இன்ஜின் ஓடாது. இதுதான் இம்மொபிலைசர். அதனாலதான் சாதாரண சாவிக்கடையில் இரும்பை மட்டும் வெட்டி வாங்கினா கதவு திறக்கும், வண்டி கிளம்பாது.

4/ "அப்போ சிப்பே வேண்டாமா டாக்டர்?" கட்டாயம் வேணும். அமெரிக்காவில் 2011க்கு அப்புறம் வந்த ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் இம்மொபிலைசரே வைக்கல. 2021, 22 வாக்கில் அதைத் திருடும் வித்தை டிக்டாக்கில் பரவுச்சு. சாவித் துளையின் மூடியைக் கழற்றி, யுஎஸ்பி ஒயர் முனையால் திருப்பினா போதும். சின்னப் பசங்க கூட்டம் கூட்டமா கார் எடுத்துட்டுப் போனாங்க. சிப் உயிர்காக்கும் மருந்து மாதிரி. என் சண்டை மருந்தோட இல்லை, மருந்தைப் பூட்டி வச்சு விலை வைக்கறவங்களோட.

5/ கேட்டா ஒரே பதில்: "பாதுகாப்புக்காக ரகசியமா வச்சிருக்கோம்." இந்த ரகசியத்தின் லட்சணத்தைப் பாருங்க.

மெகாமோஸ் கிரிப்டோ என்று ஒரு சிப். பல கம்பெனி கார்களில் இருந்தது. அதன் ஓட்டையை இங்கிலாந்து, நெதர்லாந்து ஆய்வாளர்கள் மூணு பேர் கண்டுபிடிச்சாங்க. சிப் தயாரிப்பாளருக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே தகவலும் குடுத்தாங்க. 2013ல் கட்டுரை வெளியாகும் நேரத்தில் ஃபோக்ஸ்வேகன் லண்டன் உயர்நீதிமன்றத்தில் தடை வாங்குச்சு. 2015ல்தான், ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கிவிட்டு, வெளிவந்தது. ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒளிச்சு வச்சா கட்டி கரைஞ்சிடுமா?

6/ பட்டன் ஸ்டார்ட் கார் வச்சிருக்கீங்களா? சூரிச் ஆய்வாளர்கள் 2011லேயே 8 கம்பெனிகளின் 10 மாடல்களைச் சோதிச்சாங்க. பத்தும் ஏமாந்தது. ஒருத்தன் உங்க வீட்டு வாசலில், இன்னொருத்தன் கார் பக்கத்தில். கையில் இருக்கும் கருவி சாவிக்கும் காருக்கும் நடுவே சிக்னலைக் கடத்தும். சாவி பக்கத்துல இருக்குன்னு கார் நம்பிடும். கோடு எதையும் உடைக்கவே வேண்டாம்.

அதாவது கருவி வச்சிருக்கும் திருடனுக்கு சாவியே தேவையில்லை. 38 ஆயிரம் யாருக்கு? ஆர்சி புத்தகத்தோட வந்து நிக்கற ஓனருக்கு.

7/ இது என் புலம்பல் மட்டுமில்லை. ஷம்ஷேர் கடாரியா என்பவர் குடுத்த புகாரில், 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரிபாகத்தையும் பழுது கண்டறியும் கருவியையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்கவிடாமல் வச்சிருக்காங்க என்பதுதான் குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரிப்பேர் உரிமை' இணையதளம் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் இருக்கு. இணையதளம் இருந்து என்னங்க? கூடுதுறையில் நின்ன மனுஷனுக்கு என்ன உதவி?

8/ அவருக்கு உதவினது யார் தெரியுமா? ஒரு சாவிக்காரர். பத்தாம் நாள் லேப்டாப்போட வந்து, ஆர்சியும் ஆதாரும் வாங்கிப் பார்த்து, ஒரு மணி நேரத்தில் ரெண்டு சாவி போட்டுக் குடுத்துட்டார். 9 ஆயிரம். தொலைஞ்ச சாவியையும் கார் நினைவிலிருந்து அழிச்சுட்டார். கன்ட்ரோல் யூனிட் மாத்தவே இல்லை. அப்போ அந்த 38 ஆயிரம் எதுக்கு?

ஒரு நியாயமான பயம் இருக்கு, ஒத்துக்கறேன். எல்லா சாவிக்காரரும் ஆர்சி கேட்பாங்கன்னு என்ன நிச்சயம்? இதுக்கும் வழி இருக்கு. அமெரிக்காவில் பின்னணி சரிபார்த்துப் பதிவு பண்ணின சாவிக்காரர்களுக்கு கம்பெனியின் சாவி கோடு கிடைக்கும். ஓனரின் அடையாளத்தைச் சரிபார்த்து ஆவணம் வைக்கணும். ஒவ்வொரு கோடும் யார் எடுத்தாங்கன்னு பதிவாகும். டாக்டருக்கு ரெஜிஸ்டர் நம்பர் மாதிரிதான். அதை இங்கே கொண்டுவர என்ன தடை?

9/ கேட்க வேண்டியது மூணு. கார் விற்கும்போதே சாவி கோடு ஓனர் கையில் வரணும். புது சாவிக்கான விலையை ஷோரூம் சுவரில் எழுதிப்போடணும். பதிவு பெற்ற சாவிக்காரருக்கு வழி திறக்கணும்.

10/ அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது:

- ஒரே சாவி இருந்தா இந்த வாரமே ரெண்டாவது போடுங்க. கையில் ஒண்ணு இருக்கும்போது வேலை சுலபம், செலவு குறைவு.
- பழைய கார் வாங்கும்போது ரெண்டு சாவியும் கேளுங்க. இல்லைன்னா விலையில் குறைங்க. கார் திருடு போனா இன்சூரன்ஸ்காரரும் ரெண்டையும்தான் கேட்பார்.
- சாவியோட வந்த நம்பர் தகட்டை வீட்டில் பத்திரப்படுத்துங்க. சாவிக்கொத்தில் மாட்டாதீங்க.
- பாலிசி எடுக்கும்போது சாவிக்கான கூடுதல் கவர் இருக்கான்னு கேளுங்க.
- பட்டன் ஸ்டார்ட் சாவியை ராத்திரி மூடி போட்ட எவர்சில்வர் தூக்குப்போசியில் போட்டு வைங்க. போசியோட கார் பக்கத்தில் போய்ப் பாருங்க. கதவு திறந்தா வேற போசி தேடுங்க!

11/ அந்த அண்ணாவுக்கு மாத்திரை மறுபடி ஆரம்பிச்சாச்சு. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன். பிரஷர், சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கையில் காசு இல்லைன்னு யாரும் நிறுத்தாதீங்க.

உங்க ஊரில் சாவி தொலைஞ்சப்போ எவ்வளவு கேட்டாங்க? கமெண்டில் போடுங்க. வாடகைக் கார் ஓட்டும் உங்க சொந்தக்காரருக்கு இதை அனுப்புங்க.