கலிவிக் கோழியின் கதி

கரையான்சாவடிக்குச் சில மைல் தூரத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. பூண்டியிலிருந்து இணைப்புக் கால்வாய் வழியாக அதற்கு வந்து சேரும் நீரில் கிருஷ்ணா ஜலமும் உண்டு. 1983-ம் வருஷத்து ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டி.எம்.சி. நமக்கு உரியது. அது குறைந்தால் நாம் உரத்துக் கேட்கிறோம், கேட்பதும் நியாயமே. ஆனால் இந்தத் தெலுங்கு கங்கைத் திட்டத்தால் யாருடைய குடியிருப்புக்கு ஆபத்து நேர்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கடப்பை ஜில்லாவின் லங்கமலை அடிவாரத்துப் புதர்க்காட்டில் ஒரு சிறு பறவை உண்டு. பகலில் பதுங்கி இரவில் தரையில் ஓடி இரை தேடுவது. கரையானும் எறும்பும் அதன் ஆகாரம். (நமது ஊர்ப் பெயருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) கும்பினிப் பட்டாளத்து வைத்தியர் ஜெர்டானின் பெயரை வெள்ளையர் அதற்கு இட்டனர். அவ்வூர் ஜனங்களுக்கோ அது கலிவி கோடி, அதாவது களாப்புதர்க் கோழி. 1900-க்குப் பிறகு அது அற்றுப்போயிற்று என்றே பண்டிதர்கள் எண்ணியிருந்தனர். 1986-ல் அதைப் பிடித்துக் காட்டியவர் உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர். பட்டம் பெற்ற அறிவுக்குப் பட்டிக்காட்டு அறிவு வழிகாட்டிய இச்செய்தி நமக்குப் பெருமை தருவதாகும்.

1988-ல் அவ்விடம் சரணாலயமாயிற்று. ஆயினும் 2005-ல் கால்வாய் வெட்டும் யந்திரங்கள் சட்டத்தை மீறி அதற்குள்ளேயே புகுந்தன. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் முறையிட்ட பிறகே கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. தமிழில் பறவைகளைப் பற்றி எழுதிவரும் ப. ஜெகநாதன், மென்மண் பரப்பிய பட்டைகளில் பதியும் காலடிகளைக் கொண்டு அதன் நடமாட்டத்தை ஆராய்ந்தவர். அடர்ந்த காடும் அதற்கு ஆகாது, வெட்டவெளியும் ஆகாது. இடையிடையே வெறுந்தரை தெரியும் புதர்க்காடே வேண்டும். அதிகாரிகளின் ஏட்டில் இத்தகைய பூமிக்குத் 'தரிசு' என்று பெயர்! தரிசு என்று எழுதிவிட்டால் அதை அழிக்க யாருடைய அனுமதியும் வேண்டுவதில்லை போலும்.

பல வருஷ மௌனத்துக்குப் பின் 2025 ஆகஸ்டில் அதன் குரல் பதிவாயிற்று. எனவே காரியம் இன்னும் கைமீறவில்லை. தண்ணீர் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. குடிப்பவன் கடன்பட்டவன் என்றே சொல்லுகிறோம். கிருஷ்ணா நீரின் கணக்கைப் பேச இரு மாகாணத்தாரும் கூடும்போதெல்லாம் லங்கமலைப் புதர்க்காட்டின் பாதுகாப்பையும் பேசவேண்டும். அதன் செலவில் ஒரு பங்கைத் தமிழ்நாட்டு சர்க்கார் ஏற்கவேண்டும். பூந்தமல்லித் தொகுதி வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதியைக் கொண்டு இதைச் சட்டசபையில் கேட்கச் செய்வார்களாக.