கணக்குக் கேட்டால் பாவமா?



கடல்கோளுக்குப் பின்னர் கல்முனைப் பகுதியில் பெண்கள் குழுக் கூட்டம் ஒன்று முடிந்து எல்லோரும் எழும்பிப் போன பிறகு, ஒரு சகோதரி மட்டும் என் அருகே வந்து நின்றார். யுத்தத்தில் கணவரை இழந்தவர். 2004 டிசம்பர் 26இல் கடல் வீட்டையும் கொண்டுபோயிற்று. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்.

"மிஸ், விதவைகளுக்கென்று சபைக்கு வந்த உதவியில என்ட பேர் இல்ல. எப்படிப் பிரிச்சீங்க என்று கேட்டா பாவமா?" என்று மெல்லக் கேட்டார்.

இந்தக் கேள்வி ஆதித் திருச்சபையிலேயே எழுந்த ஒன்று. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு வந்தது. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களை அதட்டவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரிடமே சொன்னார்கள். தெரிவான எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்தாரிடமே பங்கீடு ஒப்படைக்கப்பட்டது போலும்.

வேதாகமம் 'உக்கிராணக்காரன்' என்று ஒருவனைச் சொல்கிறது. உக்கிராணம் என்றால் பண்டசாலை. திறப்பு அவன் கையில் இருக்கும், பொருள் எசமானுடையது. ஆகவே உண்மையுள்ள உக்கிராணக்காரனுக்கு முதல் அடையாளம், கணக்குக் காட்டத் தயங்காமை.

நமது முஸ்லிம் சகோதரிகள் இதையே 'அமானிதம்' என்பார்கள். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டமும் பள்ளிவாசல் நம்பிக்கைப் பொறுப்பாளர்களைக் கணக்குக் காட்டக் கடமைப்படுத்துகிறது.

இந்தியாவின் மிசோரம் மாநிலத்துக் கிறிஸ்தவப் பெண்கள் 1910இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்ற பணம் ஊழியத்துக்குப் போனது. கொடுப்பது மட்டும் உக்கிராணத்துவம் அல்ல. ஏழை வீட்டு அடுப்படியிலிருந்து வந்த அந்தப் பிடி அரிசி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதும் அதில் அடங்கும்.

அந்தச் சகோதரி அடுத்த கிழமை போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். பட்டியல் பழைய விலாசத்தை வைத்து எழுதப்பட்டிருந்தது. அவரோ அப்போது தற்காலிகக் கொட்டிலில் இருந்தார். யாரும் களவெடுக்கவில்லை, யாரும் தேடிப் பார்க்கவும் இல்லை. கேட்டதனால் அவருடைய பெயரும், அதே கொட்டில் வரிசையில் இருந்த இன்னும் இரு பெண்களின் பெயர்களும் சேர்க்கப்பட்டன.

சகோதரிகளே, நம்மிலும் பலர் சங்கத்துப் பெட்டியின் திறப்பை வைத்திருக்கிறோம். வரவு செலவைக் கொப்பியில் எழுதுவோம். இருவர் கையொப்பம் இடுவோம். மாதம் ஒருமுறை, எழுத வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்படி உரத்து வாசிப்போம். யாராவது கணக்குக் கேட்டால் முகம் சுளிக்காதிருப்போம். கேட்பவர் நம்மைச் சந்தேகிக்கிறார் என்று எடுக்க வேண்டாம். அந்தப் பொருள் தனக்கும் உரியது என்றுதான் அவர் சொல்கிறார்.