ராஜினாமாக் கடிதம் எழுதும் முன்



கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் நம் ஜனங்களுக்கு வேலை போனால் வீடும் போகும், சி.ஜி.எச்.எஸ். அட்டையும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும். ஆகவே அலுவலகத்தில் ஒருவருடைய உள்ளம் உடையும்போது குடும்பத்தார் அதை மூடி மறைக்கின்றனர். மேலதிகாரியின் ஓயாத அவமதிப்போ, மூவர் செய்த வேலை ஒருவர் தலையில் விழுந்ததோ காரணமாக இருக்கலாம். உறக்கம் கெடுகிறது. கோப்பைத் திறந்தால் எழுத்து மனதில் ஏறுவதில்லை. ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிடுகிறார். மெமோ வருகிறது. மானம் போகுமுன் எழுதிக் கொடுத்துவிடுவோம் என்று ராஜினாமாக் கடிதத்தை எடுக்கின்றனர்.

பிரியமானவர்களே, அதில் கையொப்பமிடும் முன் ஒரு வழக்கை அறிந்துகொள்ளுங்கள். 2001இல் மத்திய ரிசர்வ் காவல் படையில் அதிகாரியாகச் சேர்ந்த ஒருவர், சில ஆண்டுகளுக்குப் பின் எண்ணச் சுழற்சி நோய்க்கும் கடும் மனச்சோர்வுக்கும் உள்ளானார். அவருடைய பேச்சும் நடத்தையும் ஒழுங்கீனமாக எண்ணப்பட்டன. 2010இல் இடைநீக்கம் செய்யப்பட்டார், விசாரணைகள் தொடர்ந்தன. குவாஹாட்டி உயர்நீதிமன்றத்தில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. 2021 டிசம்பர் 17 அன்று உச்சநீதிமன்றம் அந்த ஒழுங்கு நடவடிக்கைகளை ரத்து செய்தது. நடத்தைக்கு நோய் ஒன்றே முழுக் காரணம் என்று ஊழியர் நிரூபிக்க வேண்டியதில்லை, அது காரணங்களில் ஒன்றாயிருந்தாலே போதும் என்றது. அவருக்கு மாற்றுப் பணி தர நேர்ந்தால் சம்பளம் குறையலாகாது. ஆயுதம் கையாளாத பணியாக அது இருக்கலாம் என்றும் கூறியது.

இதற்கு ஆதாரம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 20(4). பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு ஊழியரை நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. பழைய பணி இயலாவிடில் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி. அதுவும் இல்லையெனில் அவருக்கென்றே ஒரு மிகைப் பணியிடம். மனநோயும் அச்சட்டத்தின் பட்டியலில் உண்டு. ஆனால் இரண்டு வார அலுப்புக்கு இது உதவாது. நோய் கடுமையானது என்று மருத்துவர் சான்றளிக்க வேண்டும். ஆகவே நோயின் தொடக்கத்திலேயே சீட்டு வாங்குங்கள். மருத்துவ விடுப்பு மனுவை எழுத்தில் கொடுத்து டைரி நம்பர் பெறுங்கள். 2004க்கு முன் சேர்ந்து பழைய ஓய்வூதியத் திட்டத்திலிருப்பவர் ராஜினாமா செய்தால், அதுவரை செய்த சேவை ஓய்வூதியக் கணக்கில் சேராமற்போகும் என்பதையும் மறவாதீர்கள்.

நொய்டாவிலும் குர்கானிலும் தனியார் நிறுவனங்களில் உழைக்கும் நம் வாலிபருக்குப் பிரிவு 20(4) இவ்விதம் கைகொடுக்காது. அவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஓரளவு துணை. மனநோய்க்கும் உடல்நோய்க்கு ஒப்பாகவே காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது அது. சிகிச்சை விவரத்தை இரகசியமாய்க் காக்கும் உரிமையையும் தருகிறது.

ரிங் ரோட்டைக் கடந்தால் எய்ம்ஸ். அங்கே மனநல மருத்துவப் பிரிவு உண்டு. இவ்வளவு அருகிலிருந்தும் நம்மில் அநேகர் போவதில்லை. மாத்திரை உண்பது அவிசுவாசம் என்று சிலர் சொல்லிவைத்திருக்கின்றனர். சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிவிட்டு ஆராதனைக்கு வருகிறவரை யாரும் இப்படிக் கேட்டதாக நான் அறியேன்! மருத்துவரைக் கேளாமல் மருந்தைத் திடீரென்று நிறுத்துவதோ ஆபத்தானது. வாய்திறந்து பேசவே கூசுகிறவர்கள் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம், 2022 அக்டோபர் முதல் அது இயங்குகிறது, கட்டணமில்லை.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்த எலியாவைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் மறுபடியும் உறங்க இடங்கொடுத்தான். பின்பு தேவன் அவரைப் பணிக்குத் திருப்பி அனுப்புகையில், எலிசா என்னும் துணையாளும் கிடைத்தான்.

வேலைக்குத் திரும்புதல் இவ்விதமாகவே நடக்க வேண்டும். சிகிச்சையையும் பணியிட மாற்றங்களையும் இணைத்தே செய்யும்படி உலக சுகாதார நிறுவனமும் 2022இல் பரிந்துரைத்தது. முதல் சில வாரங்கள் குறைந்த நேரம். தெளிவான, அளவான வேலை. புண்படுத்திய அதிகாரியின் கீழ் அல்லாமல் வேறு பிரிவு. இவற்றை மருத்துவரின் சீட்டில் எழுதிவாங்கி மனுவோடு இணையுங்கள். நம் சபையில் பிரிவு அதிகாரிகளாயிருக்கும் சகோதரரே, அத்தகைய மனு உங்கள் மேசைக்கும் வரும். வந்த அன்றே குறிப்பெழுதி மேலே அனுப்புங்கள்.