சப்ரகமுவ தோட்டங்கள்: கடன் கட்டி முடிந்தது, உறுதி எங்கே?

யாழ்ப்பாணத்தில் ஒரு பரப்புக் காணி என்றால் 10 பேர்ச். மலையகத் தோட்ட மக்களின் வீடமைப்புக்காக 2015ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் அரசாங்கம் வழங்க முன்வந்ததோ 7 பேர்ச். அதாவது ஒரு பரப்புக்கும் குறைவு. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாழும் பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த 7 பேர்ச்சும் இன்னும் கைக்கு வரவில்லை.

இது வடக்கு வாசகர்களுக்கு அந்நியமான கதையல்ல. 1981 ஓகஸ்ட் வன்முறையில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளின் தோட்ட மக்களும் தாக்கப்பட்டார்கள். 1977, 1983 வன்முறைகளின்போது மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து சேர்ந்தன. போர் முடிந்து வீட்டுத்திட்டங்கள் வந்தபோது, காணிப் பத்திரம் இல்லாதவர்கள் பின்தள்ளப்பட்டதை வன்னி கண்டது. வீடு எரிந்தாலும் உறுதி இருந்தவருக்கு ஒரு பிடி இருந்தது. உறுதி இல்லாதவர் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

தோட்டக் காணி யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களுக்குப் பின் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் அவற்றின் முகாமை கம்பனிகளுக்குச் சென்றது. ஆனால் காணியின் உரிமையாளர் இன்றும் அரசே. கம்பனிகளிடம் இருப்பது 2045 வரையிலான குத்தகை மட்டுமே. லயத்தில் நான்கு தலைமுறை வாழ்ந்தாலும் ஆட்சியுரிமை கோர முடியாது. தனியார் காணியில் 10 வருட ஆட்சி உரிமையாக மாறலாம். அரச காணியில் அது செல்லாது.

இதைவிடக் கசப்பான அனுபவமும் உண்டு. முன்னைய வீடமைப்புத் திட்டங்களில் தொழிலாளர்கள் கடன் பெற்றுத் தனி வீடு கட்டினார்கள். ஊழியர் சேமலாப நிதியே அதற்குப் பிணையானது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கழிக்கப்பட்டது. கடன் முடிந்த பின்னரும் பலருக்கு உறுதி கிடைக்கவில்லை. உறுதி இல்லாத வீட்டை வங்கியில் ஈடு வைக்க முடியாது, விற்க முடியாது, பிள்ளைக்குச் சட்டப்படி எழுதிக் கொடுக்கவும் முடியாது. அது வெறும் தங்குமிடம், சொத்தாகாது.

தோட்ட எல்லைக்கு அப்பால் உள்ள கிராமத்தில் நிலைமை வேறு. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கைத் தருவது சிறுதோட்ட உடைமையாளர்களே. சப்ரகமுவ அவர்கள் வலுவாக உள்ள மாகாணம். அரை ஏக்கர் இருந்தாலும் கொழுந்து விற்கலாம், மானியம் கேட்கலாம், கடன் பெறலாம். தோட்டத்தில் அதே கொழுந்தை அதே திறமையுடன் பறிப்பவருக்கு நாட்சம்பளம் மட்டுமே. இருவரையும் பிரிப்பது காணிப் பத்திரம்தான். குடியேற்றத் திட்டங்களில் காணி பகிரப்பட்ட காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள் அந்த வரிசையில் நிற்கவே முடியாதிருந்தது.

இந்த நிலையில், கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் தோட்ட இளைஞர்கள் சிலர் தோட்டத்துக்கு வெளியே சிறு துண்டுக் காணி வாங்க முனைகிறார்கள். இது நல்ல நகர்வு. ஆனால் முதல் காணியிலேயே ஏமாறினால் எழுந்து நிற்பது கடினம்.

வெள்ளைக் கடதாசியில் எழுதிக் கையொப்பமிட்டால் காணி கைமாறாது. நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் உறுதி முடிக்கப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். முற்பணம் கொடுக்கும் முன் பதிவகத்தில் தோம்பைப் பார்த்து, ஈடோ வழக்கோ இருக்கிறதா என அறிய வேண்டும். ‘பிரிபடாத பங்கு’ என்றிருந்தால் எந்தத் துண்டு உங்களுடையது என்பதே உறுதியில்லை. பங்குப் பிரிப்பு வழக்கு பல வருடம் இழுபடலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது என்பதால், மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் விழக்கூடாது. உறுதி சிங்களத்தில் இருந்தால், விற்பவர் கொண்டுவரும் நொத்தாரிசை விடுத்து, நமக்கு விளக்கிச் சொல்லும் ஒருவரை நாமே தேடவேண்டும்.

சரிவையும் பார்க்க வேண்டும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து மக்கள் புதையுண்டதை கேகாலை மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் மண்சரிவு அபாயம் பற்றிக் கேட்டறியாமல் அங்கே அத்திவாரம் வெட்டக்கூடாது.

ஆயினும், தனிமனிதரின் சேமிப்பால் மட்டும் தீரும் பிரச்சினையல்ல இது. சப்ரகமுவவில் தமிழர்கள் சிதறி வாழ்கிறார்கள். நுவரெலியாவைப் போன்ற வாக்குப் பலம் அங்கில்லை. அதனால் மலையக வீட்டுத்திட்டம் என்றதும் பார்வை நுவரெலியா, பதுளையோடு நின்றுவிடுகிறது. கடன் கட்டி முடித்த வீடுகளுக்கு முதலில் உறுதி வழங்குவதும், அதில் மனைவியின் பெயரையும் சேர்ப்பதும், மாவட்டவாரியாகப் பயனாளிகள் பட்டியலை வெளியிடுவதும் அரசாங்கம் உடனே செய்யக்கூடியவை. 2045இல் குத்தகை முடியும்போது இக்காணிகளைப் பற்றி மீண்டும் பேச்சு நடக்கும். பத்திரம் இல்லாதவர்களுக்கு அந்த மேசையில் இடமிருக்காது. அதற்கு முன் சப்ரகமுவ மக்களின் கையில் உறுதி இருக்க வேண்டும்.