செல்லாக்காசுகளின் கட்சி

அமெரிக்க நாணயம் சேர்க்கிறேன் என்று யாரிடமாவது சொன்னால் வருகிற முதல் கேள்வி, "எவ்வளவு போகும்?" என்பதுதான். யார் வடித்தது, எதற்காக அடித்தார்கள், என்ன வாங்கலாம் அதை வைத்து என்றெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. கேட்பவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? சேகரிப்பாளர்களே அப்படித்தானே பேசுகிறார்கள். 1933ஆம் ஆண்டின் இருபது டாலர் தங்க நாணயம் ஒன்று 2021 ஜூனில் நியூயார்க் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்குப் போனது. புழக்கத்துக்கு விடாமல் உருக்கிவிட்ட கூட்டத்திலிருந்து தப்பிய ஒன்று அது. அதைக் கொடுத்து எவரும் ஒரு ரொட்டிகூட வாங்கியதில்லை. உலகிலேயே விலை உயர்ந்த நாணயம், நாணயம் செய்யவேண்டிய ஒரே வேலையைச் செய்யாத நாணயம்.

இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவது எதிர்க்கட்சிக்காக. ஏலக்காரர்கள் ஏறெடுத்தும் பார்க்காத, கடைகளில் 'எதை எடுத்தாலும்' டப்பாவில் கிடக்கிற, தேய்ந்த, கேலி செய்யப்பட்ட அமெரிக்க நாணயங்கள்தான் சேர்க்கத் தகுந்தவை என்பது என் வாதம். வாதம் என்றேன். ஒரு ரசனைக் குறிப்பாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஒரு வாக்குமூலம். அங்கே வேலை பார்த்த காலத்தில் பார்பர் அரை டாலர்கள் ஒரு டப்பா நிறையச் சேர்த்திருந்தேன். சார்ல்ஸ் பார்பர் வடிவமைத்து 1892 முதல் 1915 வரை அடிக்கப்பட்டவை. எல்லாம் வழவழவென்று தேய்ந்தவை. பிறகு நாலு பேர் பேச்சைக் கேட்டு, "குப்பையைச் சேர்க்காதே, ஒரே ஒரு நல்ல காசு வாங்கு" என்ற ஞானம் வந்து, மொத்தத்தையும் கொடுத்துவிட்டு ஒரு மோர்கன் வெள்ளி டாலர் வாங்கினேன். 1881, சான்பிரான்சிஸ்கோ. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து, மேலே எம்எஸ் 66 என்று சீட்டு ஒட்டியிருந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. இரண்டு வாரம் பார்த்தேன். அதற்குப் பிறகு பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்பதைத்தான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

அமெரிக்காவில் அதிகம் பேர் ஆசைப்பட்டுச் சேர்க்கிற நாணயங்களில் ஒன்று மோர்கன் டாலர். அது ஏன் பிறந்தது? மக்கள் கேட்டதால் அல்ல. மேற்கு மாநிலங்களின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. 1878இல் பிளாண்ட்-அலிசன் சட்டம் வந்தது. மாதாமாதம் 20 முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி நாணயமாக அடித்தே தீரவேண்டும் என்றது. அடித்தார்கள். கிழக்குப் பக்கத்து ஜனங்களுக்கு அந்தக் கனமான காசு வேண்டவே வேண்டாம், நோட்டு போதும். ஆகவே டாலர்கள் மூட்டை மூட்டையாகக் கருவூல நிலவறைகளில் தூங்கின. 1960களின் தொடக்கத்தில் மூட்டைகளை அவிழ்த்து விட்டபோது வெளியே வந்த அந்தப் புத்தம்புதுப் பளபளப்பைத்தான் இன்று தரம் பிரித்து, பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். என் எம்எஸ் 66 ஒரு மானியத் திட்டத்தின் மிச்சச் சரக்கு.

"அரிய நாணயமாச்சே" என்பார்கள். அரிதா? 1881இல் சான்பிரான்சிஸ்கோவில் மட்டும் 1 கோடியே 27 லட்சம் மோர்கன்கள் அடித்தார்கள். அதே 1881இல் ஷீல்டு நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசு, எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 72 ஆயிரம்தான். பேச்சு முழுக்க எதைப் பற்றி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு பிரபலஸ்தர், 1909ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ லிங்கன் சென்ட். வடிவமைத்த விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகள் வி.டி.பி. பின்பக்கம் பெரிதாக இருந்ததாகப் புகார் வந்து, சில நாட்களிலேயே எடுத்துவிட்டார்கள். 4 லட்சத்து 84 ஆயிரம் அடித்திருந்தார்கள். செய்தி பரவியதால் அன்றைக்கே ஆட்கள் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டார்கள். இன்று காசு இருந்தால் எந்த வாரமும் வாங்கலாம். அதன் விலை ஏறியதற்குக் காரணம் அட்டை ஆல்பம். வருஷவாரியாகத் துளை போட்ட அட்டைகள் வந்த பிறகு எல்லோருக்கும் அந்த ஒரு துளையை நிரப்பியாக வேண்டும். துளைக்குத்தான் விலை.

அடுத்தது அந்த 66. இந்த எண் எங்கிருந்து வந்தது? வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெரிய செப்புச் சென்ட்களுக்காக ஓர் அளவுகோல் போட்டார். 1 என்றால் என்ன காசு என்று மட்டும் அடையாளம் தெரியும், 70 என்றால் குறையே இல்லை. 70இன் விலை 1இன் விலையைப் போல எழுபது மடங்கு என்பது கணக்கு. ஒரு குறிப்பிட்ட செப்புக் காசின் அன்றைய சந்தை விலையைச் சொல்ல வந்த சூத்திரம் அது. அந்த விலை விகிதம் சீக்கிரமே பொய்யாகிவிட்டது. எண்கள் மட்டும் நின்றுவிட்டன. 1986இல் பிசிஜிஎஸ், 1987இல் என்ஜிசி என்று தரம் போடும் நிறுவனங்கள் வந்து எல்லா உலோகத்துக்கும் அதையே நீட்டின. ஷெல்டனைப் பற்றி இன்னொரு தகவலும் உண்டு. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் தொகுப்பிலிருந்த நல்ல சென்ட்களை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் தன்னுடைய மட்டமானவற்றை வைத்தவர் அவர் என்பது அவர் இறந்த பிறகு வெளியே வந்தது. தரம் என்பதன் தந்தை!

ஐடி வேலையில் இருக்கிறவனுக்கு இது புரியாமல் போகுமா? வருஷம் முழுக்க ராத்திரி பகலாகச் செய்த வேலையை ஒரே எண்ணாக்கி அப்ரைசலில் நீட்டும்போது நாம் என்னவெல்லாம் திட்டுகிறோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அதே காரியத்தை ஒரு வெள்ளிக் காசுக்குச் செய்கிறோம்.

சரி, எதைச் சேர்க்கலாம் என்கிறீர்களா? சொல்கிறேன்.

1851இல் வந்த வெள்ளி மூன்று சென்ட். குறுக்கே 14 மில்லிமீட்டர், எடை 0.8 கிராம். மீன் செதிள் என்று கேலி செய்தார்கள். கலிபோர்னியாவில் தங்கம் கொட்டியதால் தங்கத்தோடு ஒப்பிட வெள்ளியின் மதிப்பு ஏறி, இருந்த வெள்ளிக் காசெல்லாம் உருக்கவும் ஏற்றுமதி செய்யவும் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷமே கடிதத் தபால் கட்டணத்தை 3 சென்ட்டாகக் குறைத்தார்கள். தபால் தலை வாங்கச் சில்லறை வேண்டும், ஆனால் உருக்கினால் லாபம் வரக்கூடாது. ஆகவே 75 சதவீத வெள்ளியில் மட்டும் அடித்தார்கள். கடிதம் எழுத நினைத்தவனுக்காகவே யோசித்து உண்டாக்கிய காசு. இதைவிட அழகான பொறியியல் தீர்வு ஒன்றை நான் பார்த்ததில்லை.

1864இன் இரண்டு சென்ட். உள்நாட்டுப் போரில் ஜனங்கள் சில்லறையை எல்லாம் பதுக்கிவிட, கடைக்காரர்கள் தபால் தலையையும் சொந்த டோக்கன்களையும் மீதியாகக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. இன்று ஒவ்வொரு அமெரிக்க நாணயத்திலும் இருக்கிற 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் முதன்முதலில் ஏறியது இந்தச் சாதாரண வெண்கலக் காசில்தான். 1873இல் ஒழித்துவிட்டார்கள்.

1942 முதல் 1945 வரையான போர்க்கால நிக்கல். நிக்கல் உலோகம் போருக்கு வேண்டியிருந்ததால், நிக்கல் என்றே பெயர் கொண்ட காசிலிருந்து நிக்கலை எடுத்துவிட்டார்கள். செம்பு 56, வெள்ளி 35, மாங்கனீசு 9 சதவீதம். போர் முடிந்ததும் எளிதாகப் பொறுக்கி எடுக்க வசதியாக, பின்பக்கத்துக் கட்டடத்தின் தலைக்கு மேல் சாலைமுத்திரை எழுத்தைப் பெரிதாகப் போட்டார்கள். பின்னால் திரும்பப் பெறவேண்டியதற்கு முன்னாலேயே அடையாளம் வைத்துவிட்டுப் போன அந்த ஆளை எங்கள் டீமில் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு, கேலிக்கென்றே பிறந்த 1979ஆம் ஆண்டு சூசன் பி. ஆன்டனி டாலர். புழக்க நாணயத்தில் இடம்பெற்ற முதல் நிஜமான அமெரிக்கப் பெண். குறுக்களவு 26.5 மில்லிமீட்டர், கால் டாலரோ 24.3. குழம்பிப் போன ஜனங்கள் தொடவே மறுத்தார்கள். தோல்விக் காசு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் தானியங்கி இயந்திரங்களும் பேருந்து, ரயில் கட்டணங்களும் அந்தக் காசைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே இருந்தன. கையிருப்பு கரைந்துபோய், 1999இல் அவசரமாக மறுபடி அடிக்கவேண்டி வந்தது. தோற்ற காசை எதற்கய்யா மறுபடி அடித்தார்கள்?

கடைசியாக, எனக்குக் கோபம் வருகிற இடம். 1946 முதல் 1951 வரை வந்த புக்கர் டி. வாஷிங்டன் நினைவு அரை டாலர். கறுப்பின மனிதர் ஒருவரின் முகம் இடம்பெற்ற முதல் அமெரிக்க நாணயம். வடித்தவர் ஐசக் ஸ்காட் ஹாத்வே, அமெரிக்க நாணயம் ஒன்றை வடிவமைத்த முதல் கறுப்பினச் சிற்பி. பின்பக்கத்தில் ஓர் அடிமைக் குடிசையும் புகழ் மண்டபமும். சேகரிப்பாளர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அலுப்பான தொடர்" என்பார்கள். வருஷாவருஷம் ஒரே படம், மூன்று சாலைகள், பணம் பிடுங்கும் வேலை. அது உண்மைதான், விற்பனை முறை மோசம்தான். விற்காதவை ஏராளமாக உருக்கப்பட்டன. ஆனால் விற்றவர்களின் பேராசைக்கு வடித்தவன் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? வருஷாவருஷம் ஒரே படம் என்பது குற்றமென்றால் மோர்கனை முதலில் தூக்கிப் போடுங்கள். அதுவும் 1878 முதல் 1904 வரை ஒரே முகம்தானே!

எதிர்ப்பு எப்படி வரும் என்று தெரியும். "தேய்ந்த காசில் வேலைப்பாடு தெரியாது. சிற்பியின் கையைப் பார்க்கப் புதுக் காசுதான் வேண்டும்." நியாயம். அதற்குத்தான் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. "தேய்மானத்தைக் கொண்டாடுவது வெறும் உணர்ச்சிவசம், யார் கைபட்டது என்று உனக்குத் தெரியுமா?" தெரியாது. ஆனால் எவ்வளவு பட்டது என்று தெரியும். டப்பாவைக் கொடுத்தபோது தப்பித்து என் மேஜை இழுப்பறையில் கிடந்த ஒரு பார்பர் அரை டாலரை எடை போட்டுப் பார்த்தேன். சாலையை விட்டுக் கிளம்பும்போது 12.5 கிராம் இருந்திருக்க வேண்டும். இப்போது 11.6. தலைப்பட்டையில் 'லிபர்ட்டி' என்ற சொல்லில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. 0.9 கிராம் வெள்ளி, விரல்களிலும் சட்டைப் பைகளிலும் கல்லாப்பெட்டிகளிலும் கரைந்து போயிருக்கிறது. உணர்ச்சிவசம் என்கிறீர்கள், எனக்கு இது ஓர் அளவீடு.

"வசதியில்லாதவன் புலம்பல்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அவருக்காகத்தான் முதலிலேயே மோர்கன் கதையைச் சொல்லிவைத்தேன்.

அந்தக் கதையில் ஒரு பகுதி பாக்கி இருக்கிறது. நிலவறையில் தூங்கிய மோர்கன்களில் பெருங்கூட்டம் ஒரே ஒரு முறை வேலை பார்த்தது. 1918இல், முதல் உலகப்போரின் நடுவே, இந்தியாவில் நோட்டைக் கொண்டுவந்து வெள்ளி ரூபாய் கேட்டவர்களுக்குக் கொடுக்க அரசிடம் வெள்ளி தீர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கேட்டது. பிட்மன் சட்டம் நிறைவேறி, சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். அதில் மிகப் பெரும்பகுதி இந்தியாவுக்கு அனுப்பப் பிரிட்டனுக்கு விற்ற வெள்ளி. ஒரு டாலரில் 371.25 கிரெய்ன் சுத்த வெள்ளி, ஒரு ரூபாயில் 165. வகுத்துப் பாருங்கள், துல்லியமாக இரண்டேகால் வரும். அன்றைக்கு எங்கள் ஊர்ச் சந்தையில் கைமாறிய ரூபாய்களில் அந்த டாலர்கள் இருந்திருக்கும். உருக்கியதால் சில வருஷத்து மோர்கன்கள் அரிதாகிவிட்டன என்று ஏலப் புத்தகங்கள் அங்கலாய்க்கின்றன. எனக்கென்னவோ தப்பித்தவற்றைவிட உருகியவைதான் நாணயமாக வாழ்ந்தன என்று படுகிறது.

என் பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து வந்த ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. வருஷம் 1918. ராஜாவின் காதும் தாடியும் மழுங்கிவிட்டன. ஷெல்டன் கணக்கில் பத்து தேறினால் அதிகம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எம்எஸ் 66 பெட்டியைக் கதவிடுக்கில் வைத்து நெரித்து உடைத்தேன். சீட்டு போனதும் விலையில் ஒரு பகுதியும் கூடவே போய்விட்டது. டாலரை வெறும் விரலால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். நல்ல கனம். என் ரேகை அதில் பதிந்துவிட்டது, இனி போகாது. இப்போது பாட்டியின் ரூபாயோடும் பார்பரோடும் ஒரே டப்பாவில் கிடக்கிறது. ஆட்டினால் மூன்றும் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போடுகின்றன.