பலபொருள் ஒருசொல்லும் மொழிபெயர்ப்பும்: தொல்காப்பிய நெறி குறித்து ஒரு கருத்து

ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் நிகரான தமிழ்ச்சொல் ஒன்றே இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் மொழிபெயர்ப்புப் பயிற்சியிலும் கலைச்சொல் தரப்படுத்தலிலும் வேரூன்றியுள்ளது. பலபொருள் ஒருசொற்களைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், பொருந்தும் நெறி தொல்காப்பியத்திலேயே உள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

காஞ்சிபுரம் வட்டார வழக்கிலிருந்தே சான்று காட்டலாம். 'பார்டர்' என்னும் ஆங்கிலச் சொல் நாட்டைச் சார்ந்து வரின் எல்லை. பட்டுச்சேலையைச் சார்ந்து வரின் கரை. 'பேங்க்' என்பது பணத்தைச் சார்ந்து வரின் வங்கி. ஆற்றைச் சார்ந்து வரின் கரை. ஆங்கிலத்தில் வெவ்வேறான இரு சொற்கள் தமிழில் ஒரு சொல்லில் வந்து கூடுகின்றன. மாகறல் சேயாற்றின் கரையில் உள்ளது என்றாலும், கோர்வைச் சேலையின் கரை உடலினின்று வேறு நிறமுடையது என்றாலும் நமக்குச் சொல் ஒன்றே. ஒரு மொழியின் பலபொருண்மை மற்றொன்றன் பலபொருண்மையோடு ஒத்துச் செல்வதில்லை என்பது இதனால் விளங்கும்.

'ஷட்டில்' என்னும் சொல்லும் இத்தகையதே. தறியில் ஊடைநூலைக் கொண்டு செல்லும் இக்கருவியை நெசவாளர் நாடா என்பர். சென்று மீளும் இயல்பு பற்றி, விண்வெளி ஊர்திக்கும் ஆங்கிலம் இப்பெயரையே இட்டது. தமிழோ 'விண்வெளி ஓடம்' என்றது. நாடா என்பது துணிப்பட்டையையும் உணர்த்துவதால் 'விண்வெளி நாடா' மயக்கமே தந்திருக்கும். இங்குச் சொல் பெயர்க்கப்படவில்லை, பொருளே பெயர்க்கப்பட்டது.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இருவகைப்படுத்துகிறார். வினைவேறுபடும் சொல்லின் பொருள் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியும். 'மா' பூத்தது எனின் மரம். ஓடிற்று எனின் விலங்கு. வினைவேறுபடாச் சொல்லையோ வெளிப்படக் கிளந்து கூறல் வேண்டும். 'மா வீழ்ந்தது' எனின் இரண்டிற்கும் பொருந்துமன்றோ! உரைகாரர் வழி நாம் பயிலும் இப்பாகுபாட்டை இலக்கணத் தேர்வோடு நிறுத்திவிடுகிறோம். மொழிபெயர்ப்பாளனுக்கும் இதுவே முதற்கருவி. பின்னதன்கண் ஐயத்திற்கு இடமான சொல்லை அவ்வாறே விடாது, விரித்தெழுதுதல் அவன் கடமையாகும்.

திவாகரம் ஒருசொல் பல்பொருளுக்கெனத் தனித்தொகுதி வகுத்தது. அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் துறைக்குறிப்புகளால் சார்பினைச் சுட்டியது. இனிவரும் இருமொழி அகராதிகள் ஒவ்வொரு பொருளுக்கும் அதனோடு இயையும் வினையையும் இனச்சொல்லையும் சேர்த்துத் தருதல் வேண்டும். தரப்படுத்தலுக்கு அடிப்படை ஆங்கிலச் சொல்லன்று, கருத்தே. ஒரு துறையில் ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பதே ஏற்புடையது.

இது அகராதியியலார் மட்டும் கவலைகொள்ளவேண்டிய செய்தியன்று. 'பவர்' என்பது இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு, சட்டத்தில் அதிகாரம். மூன்றிடத்தும் 'சக்தி' என்றே பெயர்த்த வினாத்தாளைப் பெறும் தமிழ்வழி மாணவர், விடை அறிந்திருந்தும் வினாவை அறியாது மதிப்பெண் இழக்க நேரும். அப்பிழைக்குத் தமிழின் சொல்வளம் பொறுப்பன்று. சார்பு நோக்காத மொழிபெயர்ப்பே பொறுப்பு.